எனக்குச் சுற்றுச்சத்தம்தான் வேண்டும்: ஒரு மைக் தேடலும் அதில் கற்றதும்

மைக் விற்கிற கடைக்குள் நுழைந்தால் முதல் கேள்வி, "யூடியூபுக்கா, கல்யாண வீடியோவுக்கா?" என்பதாகத்தான் இருக்கும். இரண்டும் இல்லை, தெருவிலும் வீட்டிலும் கேட்கிற சத்தங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றேன். கடைக்காரர் அக்கறையான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு வயர்லெஸ் மைக் ஒன்றை எடுத்துவைத்து, "இது சுற்றுச்சத்தத்தை அப்படியே கட் பண்ணிடும்க்கா" என்றார். எனக்கு வேண்டியதே அந்தச் சுற்றுச்சத்தம்தான்.

கையடக்க மைக் தேடுபவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது. சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேசுகிறவரின் குரலைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவதுதான் அவற்றின் வேலை. அன்றாட ஓசைகளைச் சேர்க்க நினைப்பவருக்கோ அந்த மீதிதான் சரக்கு. அதனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருகிற அம்சங்கள் பல நமக்கு ஆகாது. விவரத்தாளின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கிற ஓரிரண்டு எண்கள்தான் நமக்கு உதவும்.

நான் இருப்பது மதுரை. இந்த ஆசை தொற்றியது புது மண்டபத்தில். மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சுற்றிப் புத்தகக் கடை, வளையல் கடை, பாத்திரக் கடை. கால் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கல் தூணிலும் கல் கூரையிலும் பட்டுத் திரும்பி வந்து ஒன்றோடொன்று கலந்து, மண்டபம் முழுக்க ஒரே ரீங்காரமாக நிற்கும். பிற்பாடு கடைகளைப் பக்கத்தில் உள்ள குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மண்டபத்தைக் காக்க அது தேவையான காரியம்தான். தையல் தொழில் நிற்கவில்லை, மெஷின்களும் மாறவில்லை. ஆனால் கல் மண்டபத்தில் கேட்ட அந்தச் சத்தம் இனி எங்கேயும் கேட்காது. சத்தம் என்பது பொருளிலிருந்து மட்டும் வருவதில்லை, பாதிக்கு மேல் இடம்தான் அதைச் செய்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இடம் மாறுவதற்கு முன்னால் கைப்பேசியில் பிடித்துவைத்த ஒரு துண்டு என்னிடம் இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் மைக்குகளைப் பற்றிப் படிக்கவே ஆரம்பித்தேன். தொடக்கத்தில் ஓரிரு நொடி மெஷின்கள் எல்லாம் கேட்கின்றன. அப்புறம் மெல்ல மெல்லப் பின்வாங்குகின்றன. நடுவில் ஒரு அம்மா, "ரவிக்கைக்கு லைனிங் வச்சுத் தைப்பீங்களாண்ணே?" என்று கேட்கும்போது அவர் குரல் மட்டும் துலக்கமாக முன்னால் வருகிறது. அவர் நிறுத்தியதும் மண்டபம் மறுபடி அமுங்கிப்போகிறது.

இது மைக்கின் கோளாறு இல்லை. கைப்பேசிக்குள் இருக்கிற மென்பொருள், ஒரே சீராக வருகிற எதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அடக்குகிறது. மழை, கடலலை, சில்வண்டு, தையல் மெஷின் எல்லாமே அதன் கணக்கில் இரைச்சல்தான். கூடவே அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற ஏற்பாடும் ஓடிக்கொண்டிருக்கும். அமைதியான இடத்தில் அது அளவை ஏற்றும், ஒரு பாத்திரம் விழுந்தால் உடனே இறக்கும், பிறகு மெல்ல ஏற்றும். காது இப்படிக் கேட்பதில்லை. கைப்பேசியிலேயே தொடங்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் அணைக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டு 7 முதல், பதப்படுத்தாத ஒலியைச் செயலிகள் கேட்டு வாங்க வழி உண்டு. எல்லாக் கைப்பேசியும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஐபோனின் வாய்ஸ் மெமோஸ் அமைப்பில் ஒலித்தரத்தை 'லாஸ்லெஸ்' (தரம் இழக்காத பதிவு) என்று மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அது கோப்பின் தரத்துக்கு மட்டும்தான். ஒரு நிமிடம் மின்விசிறிக்குக் கீழே பதிவு செய்து கேளுங்கள். விசிறிச் சத்தம் தொடக்கத்தில் எப்படி இருந்ததோ அப்படியே கடைசிவரை இருந்தால், அந்தச் செயலி பரவாயில்லை.

இனி அந்தப் பொடி எழுத்து எண்களுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது மைக்கின் சொந்த இரைச்சலைப் புரிந்துகொள்வதில்தான். எல்லா மைக்கும், அதற்குப் பின்னால் இருக்கிற பெருக்கிச் சுற்றும், எதுவுமே கேட்காத இடத்திலும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தத்தைத் தாமாகவே உண்டாக்குகின்றன. பேட்டி எடுப்பவருக்கு இது பொருட்டே அல்ல. ஒரு மீட்டர் தொலைவில் சாதாரணமாகப் பேசினால் 60 டெசிபல் இருக்கும். அதற்கு அடியில் இந்தச் 'ஸ்ஸ்ஸ்' அமுங்கிவிடும். ஆனால் நமக்குப் பிடித்த சத்தங்கள் பல அதற்கு மிகக் கீழே இருக்கின்றன. விடியுமுன் வாசல் தெளிக்கிற தண்ணீர், சிமெண்டுத் தரையில் விளக்குமாறு, அடுத்த வீட்டு அடுக்களையில் டம்ளர் வைக்கிற சத்தம், தூரத்தில் செம்போத்தின் 'ஊப் ஊப்'. விசிறியை அணைத்த அதிகாலை வீடு ஏறக்குறைய 30 டெசிபல்தான். உங்கள் மைக்கின் சொந்த இரைச்சலும் அதே 30 என்றால், விடியற்காலையையும் மைக்கையும் பாதிப் பாதியாகப் பதிவு செய்திருப்பீர்கள்.

பெட்டியில் இந்த எண்ணை நேராகப் போடுவது குறைவு. எஸ்என்ஆர் என்று ஒன்றைப் போட்டிருப்பார்கள், சத்தம் இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்கிற கணக்கு அது. 94-லிருந்து அதைக் கழித்துவிடுங்கள், அவ்வளவுதான். மைக்குகளைச் சோதிக்கும்போது 94 டெசிபல் சத்தத்தை வைத்துத்தான் இதை அளப்பது வழக்கம். எஸ்என்ஆர் 64 என்றால் சொந்த இரைச்சல் 30. கைப்பேசிகளில் இருக்கிற பொடி மைக்குகள் பொதுவாக இந்த அளவைச் சுற்றித்தான் இருக்கும். 74 என்றால் 20. தெருவுக்கும் கடைவீதிக்கும் இது தாராளம். 80 என்றால் 14. விடியற்காலைக்கு இதுதான் வேண்டும். ஸ்டுடியோக்களில் 5 டெசிபல் வரை இறங்குகிற பெரிய மைக்குகள் உண்டு. ரோட் என்டி1-ஏ அப்படிப்பட்டது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போக முடியாது.

கையடக்கமான பொருளில் 14 டெசிபலைத் தொடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. பிரைமோ என்கிற ஜப்பானிய நிறுவனத்தின் இஎம்172, அதற்குப் பின் வந்த இஎம்272 ஆகிய மைக் வில்லைகள், அதாவது மைக்குக்குள் சத்தத்தைப் பிடிக்கிற சிறு உறுப்புகள். ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். இயற்கை ஒலிப் பதிவாளர்கள் உலகம் முழுக்க இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். தனி வில்லையாக வாங்கி ஒயர் பற்றவைத்துக்கொள்பவர்களும் உண்டு, சட்டையில் மாட்டுகிற கிளிப்போடு சோடியாகச் செய்து விற்பவர்களும் உண்டு. இவற்றில் இன்னொரு நல்ல குணம், சத்தத்தை வலுவான மின்துடிப்பாக மாற்றித் தருகின்றன. அதனால் ரெக்கார்டரின் பெருக்கியை அதிகம் ஏற்ற வேண்டியதில்லை. விலை குறைந்த ரெக்கார்டர்களில் 'ஸ்ஸ்ஸ்' வருவது பெரும்பாலும் அந்தப் பெருக்கியை உச்சத்துக்கு ஏற்றும்போதுதான். ஆக, சுமாரான ரெக்கார்டரையும் ஒரு நல்ல வில்லைச் சோடி தூக்கி நிறுத்திவிடும்.

எண் எதுவும் கிடைக்கவில்லையா? சரி, ராத்திரியில் விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் அணைத்துவிட்டு, அறையின் ஒரு மூலையில் மைக்கை வையுங்கள். எதிர்ச்சுவரில் ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கட்டும். இரண்டு நிமிடம் பதிவு செய்து, ஆடாசிட்டியில் திறந்து, கடிகாரத்தின் 'டிக் டிக்' நன்றாகக் கேட்கிறவரை அளவை ஏற்றுங்கள். ஆடாசிட்டி இலவச மென்பொருள். கடிகாரம் சுத்தமாகத் தனியே நின்றால் அந்த மைக் வீட்டுக்கும் விடியலுக்கும் ஆகும். மழை பெய்கிற மாதிரி ஒரு திரைக்குப் பின்னாலிருந்து கேட்டால் அதைப் பகல் நேரத் தெருவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களிடம் இரவல் வாங்கிய கருவிகளையெல்லாம் நான் இப்படித்தான் சோதித்தேன். விலைக்கும் முடிவுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்கவில்லை.

மேலூர் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே விடிகாலையில் குன்றின் அடியில் நின்றால், காற்று இல்லாத நாட்களில் தூரத்து ஆட்டுமணி, பாறையில் பட்டுத் திரும்புகிற நாய்க் குரைப்பு, யாரோ வாளியை வைக்கிற சத்தம் என ஒவ்வொன்றும் தனித்தனியே தூரத்தோடு கேட்கும். தூரம் கேட்பது என்றால் என்ன என்று புரிய அப்படி ஒரு இடத்துக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டும். சொந்த இரைச்சல் அதிகமுள்ள மைக் முதலில் விழுங்குவது இந்தத் தூரத்தைத்தான்.

அடுத்தது திசை. நீளக் குழல் போன்ற ஷாட்கன் மைக்கைப் பார்த்ததும், தொலைவில் உள்ளதை இழுத்துக் கொடுக்கும் என்று தோன்றும். அது இழுப்பதில்லை, பக்கவாட்டில் வருவதைக் குறைக்கிறது. அதுவும் எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. சுவர்கள் நெருங்கிய சந்திலும் சமையலறையிலும் எதிரொலி எல்லாப் பக்கமும் இருந்து வரும். அதை ஷாட்கன் நிறம் மாற்றித் தருகிறது. இடத்தின் ஓசை வேண்டும் என்பவருக்கு இது நேர் எதிரான கருவி. பறவைக் குரல் பதிவு செய்பவர்களுக்கு அது உதவும், அவர்கள் தேவை வேறு.

எல்லாத் திசையையும் ஒன்றாகக் கேட்கிற ஓம்னி மைக்குகள்தான் நமக்குத் தோது. அடிநாதம் அப்படியே வரும். காற்றும் கை உரசலும் திசை மைக்குகளில் கேட்கிற அளவுக்குக் கேட்காது. ஒரே நிபந்தனை, எதைத் தள்ளுவது என்று அது முடிவு செய்யாது, நீங்கள்தான் நிற்கிற இடத்தால் முடிவு செய்ய வேண்டும். தூரத்தைப் பாதியாக்கினால் அந்தச் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், பின்னணி அப்படியே இருக்கும். சாணை பிடிக்கிறவரிடம் ஆறடி தள்ளி நின்றால் தெருவில் சாணைச் சத்தம் இருக்கும். மூன்றடியில் நின்றால் சாணைச் சத்தத்தைச் சுற்றித் தெரு இருக்கும். இரண்டும் நல்ல பதிவுகள்தான், ஆனால் வேறு வேறு பதிவுகள். எந்தப் பொத்தானும் இந்த வித்தியாசத்தைத் தராது.

ஸ்டீரியோ கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு ஓம்னி மைக்குகளைக் காது அளவு இடைவெளியில், அதாவது 17, 18 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, நடுவில் ஒரு தடுப்பு இருந்தால் ஹெட்போனில் கேட்கும்போது அங்கேயே நிற்பது போலிருக்கும். தடுப்புக்கு நான் பயன்படுத்துவது தோள்பை. பையின் இரண்டு பக்கமும் கிளிப்பை மாட்டிவிட்டு நின்றுவிடுவேன். வீட்டுக்குள் என்றால் துணி மாட்டுகிற ஹேங்கரின் இரண்டு முனையிலும் மாட்டி ஆணியில் தொங்கவிடுவேன். ஹேங்கர் முறை உலகம் முழுக்கப் பலர் செய்வதுதான். அழகாக வேலை செய்கிறது, செலவும் இல்லை.

ரெக்கார்டர் எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்வது இது. கையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், மைக் தனியாக வாங்கப் போவதில்லை என்றால், உள்ளே ஓம்னி மைக் உள்ள டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் பொருத்தம். ஜூம் எச்1என் (2018-இல் வந்தது), எச்1 எசென்ஷியல் (2024) இரண்டிலும் திசை மைக்குகள் 90 பாகையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். எதிரில் நடப்பதைத் தெளிவாகப் பிடிக்கும், பக்கங்களில் சற்று ஒடுக்கம். எசென்ஷியல் வரிசையில் மெனுக்களைக் குரலில் படித்துச் சொல்கிற வசதி இருக்கிறது. பார்வையற்ற நண்பர்கள் அன்றாட ஓசைகளை எங்களைவிட நுட்பமாகக் கேட்பவர்கள். அவர்களுக்கு இது பெரிய உதவி. பழைய சோனி பிசிஎம்-எம்10 இப்போது தயாரிப்பில் இல்லை. ஓம்னி மைக், அமைதியான சுற்று, இரண்டு பென்டார்ச் பேட்டரியில் நெடுநேரம் ஓடும். யாராவது பழையதை விற்றால் பட்டன்களையும் ஜாக்கையும் சோதித்துவிட்டு வாங்கலாம். ஜூம் எஃப்3 உள்ளங்கை அளவு, மிக அமைதியான பெருக்கி, ஆனால் உள்ளே மைக் கிடையாது. நல்ல மைக் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கான பெட்டி அது.

என் தினசரிப் பயன்பாடு, சிறிய ரெக்கார்டர் ஒன்றும் இஎம்272 வில்லைச் சோடி ஒன்றும். இந்தக் கூட்டணி வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது 'பிளக்-இன் பவர்'. இந்த வில்லைகளுக்கு ரெக்கார்டரின் 3.5 மில்லிமீட்டர் துளையிலிருந்து சில வோல்ட் மின்சாரம் வர வேண்டும். பல கருவிகளில் அதை மெனுவில் போய் ஆன் செய்ய வேண்டியிருக்கும். பெரிய மைக்குகளுக்கான 48 வோல்ட் வேறு விஷயம்; அதற்கென்று உள்ள மாற்றி இல்லாமல் வில்லையை அதில் இணைத்தால் வில்லை போய்விடக்கூடும். அப்புறம், ஜாக்கைக் கவனியுங்கள். கைப்பேசிக்கான மைக்கின் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், ரெக்கார்டருக்கு வேண்டியது இரண்டு வளையம். மாற்று ஒயர் மலிவுதான். மாசி வீதிப் பக்கம் ஒலிப்பெருக்கிச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் மெல்லிய சத்தங்களுக்கு. மதுரையில் இருந்துகொண்டு பெரிய சத்தத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. கொத்து பரோட்டா மாதிரி ஒரு சோதனை எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது. இரும்புத் தட்டில் இரும்பு மோதுகிறது. ஒவ்வொரு அடியும் ஊசி மாதிரி எழுந்து உடனே அடங்குகிறது. ரெக்கார்டரின் அளவுமானி காட்டுவதற்கு முன்பே அந்த ஊசி மேலே இடித்துவிடும், பதிவில் 'கடகட' என்று உடைந்து கேட்கும். 24 பிட் பதிவென்றால் (பிட் கூடக் கூட, மெல்லியதற்கும் பெரியதற்கும் இடையே கோப்பில் இடம் கூடும்) சாதாரண அடிகள் அளவுமானியில் மைனஸ் 18, மைனஸ் 20 டெசிபல் அருகில் இருக்கும்படி அளவை இறக்கிவையுங்கள். பிறகு வீட்டில் வந்து ஏற்றிக்கொள்ளலாம், தரம் கெடாது.

இப்போது எல்லோரும் பேசுகிற 32 பிட் ஃப்ளோட், இந்த அளவு வைக்கிற கவலையை நீக்குகிறது. அளவு மீறிப் பதிவானதையும் பிறகு இறக்கி மீட்டுவிடலாம். தனியாகத் திரிந்து பதிவு செய்கிறவர்களுக்கு இது உண்மையான நிம்மதி, நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் மைக் வில்லையே திணறிப்போனால் எந்தப் பிட்டும் காப்பாற்றாது. எச்1என், எச்1 எசென்ஷியல் இரண்டின் உள் மைக்குகளும் 120 டெசிபல்வரை தாங்கும், டிஆர்-05எக்ஸின் மைக்குகள் 125 வரை. தவிலுக்கும் பறைக்கும் மிக அருகில் போனால் இந்த எல்லையைத் தொட்டுவிட முடியும். பட்டாசு சொல்லவே வேண்டாம். தள்ளி நிற்பதுதான் ஒரே மருந்து. அதோடு, 32 பிட் இருப்பதால் மெல்லிய சத்தம் அமைதியாகப் பதிவாகும் என்று நினைக்க வேண்டாம்; சொந்த இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். கையில் இருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் நான் 32 பிட்டை விட்டுவிட்டு நல்ல வில்லைச் சோடியை எடுப்பேன்.

காற்றுதான் வெளியில் பதிவு செய்பவருக்கு முதல் எதிரி. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் பஞ்சு உறை எதற்கும் காணாது. கருவியோடு வருகிற பஞ்சு, வாய்க்காற்றுக்கும் மின்விசிறிக்கும் மட்டும் ஓரளவு தாங்கும். வெளியே போக மயிருறை கட்டாயம். வாங்கலாம், தைத்துக்கொள்வதும் எளிது. கரடி பொம்மைக்குப் பயன்படுத்துகிற முடித்துணியைத் துணிக்கடையில் கேட்டு, அதன் முதுகுப் பக்கத்தில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தாராளமாகப் போக வேண்டும். சில துணிகளின் முதுகில் பசை பூசியிருக்கும். அதைப் போட்டால் காற்றோடு மேல்சுரங்களும் நின்று, கொலுசுச் சத்தம் மங்கிவிடும். ரெக்கார்டரில் உள்ள 'லோ கட்', அதாவது அடிநாதத்தை வெட்டுகிற வசதி, காற்றின் உறுமலைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் காற்று வில்லையை நேராக அறைந்தால் அது உதவாது. சுவர் மறைவு, தூண் மறைவு, நம் உடம்பின் மறைவு, இவைதான் நல்ல காவல்.

கை உரசல் இன்னொன்று. ரெக்கார்டரைக் கையில் பிடித்தால் விரல் அசைவெல்லாம் பதிவாகும். குட்டி முக்காலி ஒன்று போதும், அதுவும் இல்லையென்றால் மடித்த துண்டின் மேல் வைக்கலாம். ஒயர் தொங்கி ஆடாமல் ஒரு சுருக்குப் போட்டுக் கிளிப்பில் மாட்டுங்கள். கைப்பேசியை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் நல்ல இடத்தில் 'டிட் டிடிட்' என்று வந்து சேரும். ஏசி காரிலிருந்து இறங்கி உடனே பதிவைத் தொடங்க வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த வில்லையில் பனித்து, படபட என்று வெடிக்கும். கருவி வெளிச்சூட்டுக்கு வரும்வரை பையிலேயே இருக்கட்டும், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பதிவு செய்யப் போகிறவர்கள் நீர் பீய்ச்சுகிறவர்களை மனதில் வைத்து, கருவியைப் பைக்குள்ளேயே வைத்து மைக்கை மட்டும் வெளியே விடுங்கள். 'கோவிந்தா' என்று அத்தனை பேரும் சேர்ந்து எழுப்புகிற குரலுக்கு அது போதும்.

கார்டு, பேட்டரி பற்றிச் சுருக்கமாக. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி பிடிக்கும், 32 பிட் என்றால் 1.4. எம்பி3 வேண்டாம். ரீசார்ஜ் பேட்டரி போடுகிறவர்கள் மெனுவில் பேட்டரி வகையை மாற்றிவிடுங்கள், அப்போதுதான் மீதி எவ்வளவு என்று சரியாகக் காட்டும்.

ஹெட்போன் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். காதை முழுக்க மூடுகிற வகை வேண்டும். பதிவு செய்யும்போதே கேட்டால்தான், காது கண்டுகொள்ளாமல் விட்ட டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளில் ஒரு உறுமல் கடை, வீடு எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டடி நகர்ந்தால் பல நேரம் அது குறைந்துவிடும். எங்கே நகர வேண்டும் என்று ஹெட்போன்தான் சொல்லும்.

மனிதர்கள் இருக்கிற இடத்தில் பதிவு செய்வதில் ஒரு ஒழுங்கு வேண்டும். நான் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். பரோட்டா மாஸ்டர் ஒருவர், "என்னக்கா, ரேடியோவுல இருந்து வர்றீங்களா?" என்றார். "இல்லண்ணே, உங்க கொத்துச் சத்தம் எனக்குப் பிடிக்கும், அதைச் சேர்த்து வைக்கணும்" என்றேன். உடனே தாளம் பிடித்து வெளுத்துவாங்கினார். அருமையாக இருந்தது, ஆனால் அது எனக்காக வாசித்தது. அடுத்தடுத்த பிளேட்டுகளில் அவர் என்னை மறந்தார். ஆர்டர், சில்லறை, சால்னா வாளி, பெஞ்சு இழுக்கிற சத்தம் எல்லாம் நடுவில் வந்து சேர்ந்தன. கடை அப்போதுதான் பதிவானது. அதனால் அனுமதி வாங்கியபின் ஓடவிட்டுவிட்டு ஓரமாகக் காத்திருங்கள். மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களின் பேச்சு தெளிவாக விழும் தூரத்தில் மைக்கை வைப்பதில்லை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கைப்பேசிக்கே தடை. நான் கருவியோடு உள்ளே போக முயல்வதில்லை. சித்திரை வீதியில் நின்றாலே மேளமும் மணியும் கல்சுவர் தாண்டி வருகின்றன.

விலை உயர்ந்த கருவி வருகிறவரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்பவர்களிடம் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்வேன். 1889-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில், லுட்விக் கோக் என்கிற எட்டு வயதுப் பையன், வீட்டில் கூண்டில் இருந்த பறவையின் பாட்டை எடிசனின் மெழுகு உருளையில் பதிவு செய்தான். நம் காடுகளில் பாடுகிற சோலைபாடிதான் அந்தப் பறவை. பறவைப் பாட்டின் பதிவுகளில் நமக்குத் தெரிந்தவரை அதுதான் மிகப் பழையது, இன்றும் கேட்கலாம். அதில் இரைச்சல் ஏராளம். பறவையும் இருக்கிறது. உங்கள் தெருவில் நின்றுபோகப் போகிற சத்தம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால், கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்து இன்றைக்கே பிடியுங்கள். தள்ளுவண்டிக்காரர்கள் பலர் தொண்டையில் கூவுவதை விட்டுப் பதிவு செய்த ஒலிபெருக்கிக்கு மாறிவிட்டார்கள். இன்னும் வாயால் கூவுகிற கீரைக்காரம்மா எங்கள் தெருவுக்கு வருகிறார், அவர் குரலை வெவ்வேறு மாதங்களில் பதிவு செய்துவைத்திருக்கிறேன்.

பதிவு செய்ததை எப்படி வைப்பது என்பதற்கும் வருகிறேன். கனடாவின் வான்கூவரில் 1970-களில் இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபரும் அவரது குழுவும் ஊரின் ஓசைகளைப் பதிவு செய்தார்கள். 1990-களில் அதே ஊரை மறுபடி பதிவு செய்து, மாறியது என்ன என்று கேட்க முடிந்தது. அப்படி யாராவது நாளைக்கு நம் இடத்துக்கு வந்து நிற்க வேண்டுமென்றால், நாம் எங்கே நின்றோம் என்று தெரிய வேண்டும். பதிவை நிறுத்துமுன் தேதி, நேரம், தெரு, மைக் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எவ்வளவு தூரம், எந்த மைக் என்பதை நானே மெதுவாகச் சொல்லிவிடுவேன். தொடக்கத்தில் சொன்னால் தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் கடைசியில். கோப்பின் பெயர் தேதியில் தொடங்கும், பிறகு இடம், பிறகு சத்தம். வெட்டி ஒட்டினாலும் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைக்கிறேன், ஒன்று தங்கை வீட்டில் இருக்கிறது. பிறர் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறவற்றை, பார்சிலோனாவின் பொம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005-இல் தொடங்கிய, ஒலிப் பதிவுகளைப் பகிர்கிற ஃப்ரீசவுண்ட் இணையதளத்தில் ஏற்றுகிறேன். தலைப்பில் தெருப் பெயரும் விவரத்தில் மைக்கின் பெயரும் இருக்கும்; ஆட்களின் பேச்சு விழுந்த பதிவுகள் ஹார்ட் டிஸ்க்கோடு நின்றுவிடும்.